ஸ்கெலிட்டனில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கங்கைகொண்டான் பக்கம் இயந்திரங்கள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் டிசைன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன ஒருவர் கேட்டிருக்கிறார். கிரியோ என்ற கணினி வடிவமைப்பு மென்பொருளில் ஒரு கன்வேயர் அசெம்பிளி (பல பார்ட்டுகள் சேர்ந்த முழு மாடல்) வைத்திருக்கிறார். நீளத்தை மாற்றினால் பாதிப் பார்ட்டுகள் சிவப்பாகிவிடுகின்றன, அதாவது பிழை காட்டி நின்றுவிடுகின்றன. மூத்தவர் ஒருவர், "ஸ்கெலிட்டன் போட்டு மேலிருந்து கீழே டிசைன் செய்யுங்கள்" என்று, அதாவது மொத்த அளவுகளை முதலில் வகுத்து அதிலிருந்து பார்ட்டுகளைச் செய்யச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவரும் போட்டார். இப்போது பாதிக்குப் பதில் முழுவதும் சிவப்பாகிறது. "ஸ்கெலிட்டன் என்றால் என்ன, அது உண்மையிலேயே உதவுமா?" என்று முடித்திருக்கிறார்.

ஸ்கெலிட்டன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்: எல்லாப் பார்ட்டுகளும் அளவெடுக்கும் பொதுவான கோடு, அச்சு, பிளேன் (சமதளம்) ஆகியவற்றின் தொகுப்பு. தெரியாமலா ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்? அவர் கேட்க நினைப்பது வேறு: அதற்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது, எப்போது அதைத் தொடவே கூடாது. மென்பொருளின் உதவிப் பக்கங்களில் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று இருக்கும், இது இருக்காது. ஆகவே இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வேலை. பெரும்பாலும் அரிசி ஆலை எந்திரங்கள், தானிய எலிவேட்டர்கள், கன்வேயர்கள். ஒரு அசெம்பிளியில் அறுநூறு, எழுநூறு பார்ட்டுகளுக்கு மேல் நான் போனதில்லை. புரோ-இ என்ற பழைய பெயர் இருந்த காலத்திலிருந்து கிரியோவும், இடையில் எட்டு ஆண்டுகள் சாலிட்வொர்க்ஸும் கையில் இருந்தன. கேட்டியா, என்எக்ஸ் இரண்டையும் வாடிக்கையாளர் வேலைக்காக அவ்வப்போது தொட்டிருக்கிறேன். கார் உடல், விமானம் போன்றவற்றில் ஸ்கெலிட்டனைக் கையாளுகிறவர்கள் வேறு கணக்கில் பேசுவார்கள்; அவர்களுக்கு நான் பதில் சொல்லத் தகுதியில்லை.

"எலும்புக்கூடு" என்று தமிழாக்கினால் பேய்க்கதை போல இருக்கிறது. அந்தச் சொல்லைவிட எனக்குப் புரிய வைத்தது ஒரு கொத்தனாரின் நூல். பாளையங்கோட்டையில் வீடு கட்டும்போது முதல் நாள் செங்கல் வரவில்லை, சிமென்ட் வரவில்லை. அவரும் கையாளும் வந்து முளை அடித்து நூல் கட்டினார்கள். மூலை சரியா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நான்கு அடி குறித்து, குறுக்கே ஐந்து அடி வருகிறதா என்று டேப் பிடித்தார். அரை அங்குலம் தள்ளியிருந்தது. முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்தார். அன்றைய வேலை அவ்வளவுதான். அதன் பிறகு அஸ்திவாரம் தோண்டியவர், சுவர் எழுப்பியவர், நிலை வைக்க வந்த ஆசாரி என்று ஒவ்வொருவரும் நூலிலிருந்துதான் அளந்தார்கள். ஒருவர் கட்டிய சுவரிலிருந்து அடுத்தவர் அளக்கவில்லை. அளந்திருந்தால் முன்னவர் விட்ட அரை அங்குலம் பின்னவர் கணக்கில் ஏறியிருக்கும். நடுவில் கிணற்றுக்காக ஒரு நூலை ஒன்பது அங்குலம் நகர்த்தினோம். எல்லாரும் சேர்ந்து நகர்ந்தார்கள். வீடு முடிந்ததும் நூலைச் சுருட்டிவிட்டார். பொருள் பட்டியலில் அது வரவில்லை.

கிரியோவின் ஸ்கெலிட்டனும் ஏறத்தாழ அதே நூல்தான். அசெம்பிளிக்குள் புதுக் கூறு உருவாக்கும்போது பார்ட், சப் அசெம்பிளி என்பவற்றோடு ஸ்கெலிட்டன் மாடல் என்றும் ஒரு வகை இருக்கும். மற்றப் பார்ட்டுகளைச் சேர்த்த பிறகு உருவாக்கினாலும் அது மாடல் ட்ரீயில் (கூறுகளின் வரிசைப் பட்டியலில்) அவற்றுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். பொருள் பட்டியலில் தானாக வராது. கோப்பாகப் பார்த்தால் அதுவும் சாதாரணப் பார்ட் கோப்புதான். ஓர் அசெம்பிளிக்கு ஒன்று என்பதே இயல்பான அமைப்பு. மென்பொருளின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் மாற்றினால் பலவற்றை வைக்கலாம். நான் அந்தக் கதவைத் திறப்பதில்லை. ஓர் அசெம்பிளிக்கு இரண்டு ஸ்கெலிட்டன் தேவைப்பட்டால், பெரும்பாலும் அங்கே இரண்டு சப் அசெம்பிளிகள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள்.

இனி, எதை வைப்பது என்பது. ஒரு உதாரணத்தோடு போகிறேன். ஆலைகளில் நெல்லைக் கீழிருந்து மேலே ஏற்றும் பக்கெட் எலிவேட்டரைப் பார்த்திருப்பீர்கள். கீழே பூட், மேலே ஹெட், இரண்டிலும் ஒவ்வொரு புல்லி, இரண்டையும் சுற்றி ஒரு பெல்ட், பெல்ட்டில் வரிசையாகப் பக்கெட்டுகள், அவற்றை மூடித் தகட்டுப் பெட்டி. ஹெட்டிலிருந்து நெல் சரிந்து இறங்க ஒரு குழாய். இதற்கு நான் போடும் ஸ்கெலிட்டனில் இருப்பவை: தரை மட்டத்துக்கு ஒரு பிளேன், பூட் புல்லியின் அச்சு, ஹெட் புல்லியின் அச்சு, இரண்டின் விட்டத்தைக் காட்டும் ஒரு ஸ்கெட்ச், பெட்டியின் உள் அகலமும் ஆழமும் தெரியும் ஒரு செவ்வகம், நெல் நுழையும் இடம், நெல் வெளியேறும் குழாயின் நடுக்கோடும் சாய்வும், மோட்டார் உட்காரும் மேடையின் மட்டம். எண்ணிப் பார்த்தால் பதினைந்துக்கு மேல் போகாது. போல்ட் துளை கிடையாது. தகட்டின் கனம் கிடையாது. பேரிங் வீட்டின் (பேரிங் உட்காரும் கூட்டின்) வடிவம் கிடையாது.

ஏன் இவை மட்டும்? நான் வைத்திருக்கும் சோதனை எளியது. ஓர் அளவு குறைந்தது இரண்டு பார்ட்டுகளுக்காவது பொதுவாக இருக்க வேண்டும். அதோடு, அது மாறினால் அந்த இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஹெட் புல்லியின் அச்சு ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் பெட்டிக்கும் மோட்டார் மேடைக்கும் பொது. உள்ளே வரும். பேரிங் வீட்டை மேடையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டின் இடைவெளியும் இரண்டு பார்ட்டுக்குப் பொதுதான். ஆனால் அது பேரிங் வாங்கும் கம்பெனி சொல்வது, எலிவேட்டரின் உயரம் மாறினால் மாறாதது. அது அந்தச் சிறு சப் அசெம்பிளிக்குள்ளேயே தீர வேண்டிய விஷயம். இந்த இரண்டாவது நிபந்தனையை விட்டுவிடுவதால்தான் பலருடைய ஸ்கெலிட்டன் வீங்குகிறது என்பது என் கணிப்பு. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாடலைப் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

கணக்கும் ஸ்கெலிட்டனிலேயே இருக்கட்டும். இரண்டு புல்லியும் 400 மி.மீ. விட்டம், அச்சுகளுக்கு இடையே 9000 மி.மீ. என்று வையுங்கள். பெல்ட்டின் கனத்தை விட்டுவிட்டால் அதன் நீளம் இருமடங்கு 9000, அதோடு 400-இன் சுற்றளவான 1257, ஆக 19257. பக்கெட்டுகள் 150 மி.மீ.க்கு ஒன்று என்றால் 128 வரும். இந்த நீளத்தையும் எண்ணிக்கையையும் ஸ்கெலிட்டனில் ரிலேஷனாக, அதாவது சூத்திரமாக எழுதிவிட்டால், பக்கெட் பேட்டர்னின் (ஒரே பக்கெட்டைத் திரும்பத் திரும்ப வைக்கும் வரிசையின்) எண்ணிக்கை அங்கிருந்தே வரும்படி செய்யலாம். சில ஆண்டுகளுக்கு முன் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆலைக்கு இதே எந்திரம். பிசான அறுவடை நெல் வருவதற்குள் ஓட வேண்டும் என்று அவசரம். அளவெடுத்து வந்தபின் ஆலைக்காரர் கூரையில் குறுக்கே ஒரு உத்தரம் போட்டுவிட்டார். ஃபோனில் சொன்னது ஒரே வரிதான்: "அண்ணாச்சி, இரண்டு அடி இறக்கிவிடுங்கள்." 9000 என்றிருந்ததை 8400 ஆக்கினேன். பெல்ட் 18057 ஆயிற்று, பக்கெட் 120 ஆயிற்று, ஹெட்டும் மோட்டார் மேடையும் ஏணியும் சேர்ந்து இறங்கின. தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை.

ஆனால் முழுக்க முடியவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் ஸ்கெலிட்டனை விற்கிறவன் போல ஆகிவிடுவேன். நடுவில் இருக்கும் தகட்டுப் பெட்டியை நாங்கள் எட்டடித் தகட்டின் நீளத்துக்கு, அதாவது 2440 மி.மீ. துண்டுகளாகச் செய்து ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் விளிம்பு) வைத்து இணைப்போம். ஹெட்டும் பூட்டும் எடுத்துக்கொள்ளும் 1300 மி.மீ. போக முன்பு மீதி 7700. மூன்று முழுத் துண்டு, 380-க்கு ஒரு குட்டைத் துண்டு. உயரம் குறைந்ததும் மீதி 7100. இப்போது இரண்டு முழுத் துண்டு, 2220-க்கு ஒரு துண்டு. நான்கு துண்டு மூன்றாகிவிட்டது. ஸ்கெலிட்டனுக்கு அது தெரியாது. குட்டைத் துண்டை நீட்டுவதற்கு அதன் கையில் அளவு இருக்கிறது. ஒரு துண்டையே எடுத்துவிட அதற்கு அறிவு இல்லை. அதைக் கையால் நீக்கி, அதற்கு மேலே இருந்தவற்றின் இணைப்பைச் சரிபார்த்தேன். அரை நாள் போயிற்று. அளவு மாறுவது ஒன்று, அமைப்பு மாறுவது இன்னொன்று. முதலாவதற்கு ஸ்கெலிட்டன் நன்றாக உதவும். இரண்டாவதற்கு பேட்டர்ன், ஃபேமிலி டேபிள், புரோகிராம் என்று தனி ஏற்பாடு வேண்டும். அதுவும் அடிக்கடி வரும் மாற்றம் என்றால்தான் அந்த உழைப்பு கட்டுப்படியாகும்.

இந்த இடத்தில் இன்னொன்றும் கற்றேன். துண்டுகளை ஒன்றின் தலையில் ஒன்றாக மேட் செய்திருந்ததால்தான் (பொருத்தியிருந்ததால்தான்) ஒரு துண்டு போனதும் மேலே இருந்தவை தவித்தன. ஒவ்வொரு துண்டையும் ஸ்கெலிட்டனில் இருக்கும் மட்டத்தோடு நேரே பிணைத்திருந்தால் அந்தத் தவிப்பு இருந்திருக்காது. கொத்தனார் சுவரிலிருந்து அளக்காததன் காரணம் எனக்கு அன்றுதான் கணினியில் புரிந்தது.

இனி சிவப்புக்கு வருவோம். இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒரு விஷயம்: தகவல் ஒரே திசையில் போக வேண்டும். ஸ்கெலிட்டனிலிருந்து பார்ட்டுக்கு. பார்ட்டிலிருந்து ஸ்கெலிட்டனுக்கு ஒருபோதும் இல்லை. அவசரத்தில் ஸ்கெலிட்டனின் ஒரு கோட்டை ஏற்கனவே இருக்கும் ஏதோ ஒரு தகட்டின் விளிம்பில் ஒட்டவைத்து வரைந்துவிடுவோம். ஸ்கெட்சர் தானாகவே அந்த விளிம்பை ரெஃபரன்ஸாக, அதாவது அளவெடுக்கும் பிடிப்பாக எடுத்துக்கொள்ளும். அந்தத் தகடு ஸ்கெலிட்டனைப் பார்த்து நிற்கிறது, ஸ்கெலிட்டன் அந்தத் தகட்டைப் பார்த்து நிற்கிறது. நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. முதல் முறை ரீஜெனரேட் செய்தால் (மாடலை மறுபடி கணக்கிடவைத்தால்) ஒரு முடிவு, இரண்டாம் முறை வேறு முடிவு வரும். இதைத் தடுக்க ரெஃபரன்ஸ் கன்ட்ரோல் என்ற அமைப்பு இருக்கிறது. பார்ட்டுகள் வெளி ரெஃபரன்ஸை ஸ்கெலிட்டனிலிருந்து மட்டும் எடுக்கலாம் என்று அதில் கட்டுப்படுத்திவிடலாம். ஏற்கனவே எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க ரெஃபரன்ஸ் வியூவர் உண்டு. உங்கள் கன்வேயரில் நான் முதலில் திறக்கப்போவது அதைத்தான்.

இரண்டாவது காரணம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்கெலிட்டன் ஒரு பரண் மாதிரி ஆகிவிட்டது. யாருக்கு எது வேண்டுமானாலும் அதில் தூக்கிப் போட்டார்கள். எழுபதுக்கு மேல் ஃபீச்சர்கள் (கோடு, பிளேன், ஸ்கெட்ச் போன்ற தனித்தனிக் கூறுகள்), பாதிக்குப் பெயர் கிடையாது. ஒரு நாள் புதிதாக வந்த தம்பி ஒரு ஸ்கெட்ச்சில் கோணலாக இருந்த கோட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் அழகாக வேறு கோடு வரைந்தான். பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் மென்பொருள் கோட்டை அதன் உள் எண்ணால்தான் அறியும். புதுக் கோட்டுக்குப் புது எண். பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த நாற்பத்துச் சொச்சம் பார்ட்டுகள் விழுந்தன. இரண்டு நாள் நாங்கள் நிமிரவில்லை. அவனைத் திட்டியது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஸ்கெட்சரில் ரீப்ளேஸ் என்று ஒரு கட்டளை இருப்பதை, புதுக் கோட்டைப் பழையதன் இடத்தில் வைத்துப் பிணைப்புகளைக் காப்பாற்றலாம் என்பதை, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எனக்கே அதற்குப் பிறகுதான் தெரியும்.

அதன் பின் இரண்டு பழக்கங்கள் வந்தன. இவை விதிகள் இல்லை, என் பழக்கம். ஸ்கெலிட்டனில் பெயரில்லாத ஃபீச்சர் இருக்கக் கூடாது. "ஹெட் அச்சு", "நெல் வாய் மட்டம்" என்று பார்த்ததும் புரிய வேண்டும். அடுத்தது, பார்ட்டுகளை ஸ்கெலிட்டனில் நேரே கைவைக்க விடுவதில்லை. ஹெட் செய்கிறவருக்கு வேண்டிய ஏழெட்டு அச்சு, பிளேன், கோடுகளை மட்டும் ஒரு பப்ளிஷ் ஜியாமெட்ரியாகத் தொகுத்து வைப்பேன். பூட் செய்கிறவருக்கு இன்னொன்று. அவர்கள் தங்கள் பார்ட்டில் காப்பி ஜியாமெட்ரி எடுத்து, அதன் மேல் வேலை செய்வார்கள். இதில் ஒரு கூடுதல் படி இருக்கிறது, சோம்பலாகவும் இருக்கும். ஆனால் ஏதாவது உடைந்தால் அந்த ஒரு காப்பியில் உடையும். உள்ளே இருக்கும் முப்பது ஃபீச்சரிலும் தேடவேண்டியதில்லை. தனி ஆளாக ஐம்பது பார்ட் செய்கிறவருக்கு இந்தப் படி தேவையா என்றால், தேவையில்லை என்பவர்களோடு நான் சண்டை போடமாட்டேன். இரண்டு பேர் கைவைக்கும் வேலை என்றால் விடமாட்டேன். நீங்கள் கவனிக்க வேண்டியது, இந்தக் கட்டளைகள் எல்லா கிரியோ உரிமத்திலும் வருவதில்லை. அலுவலகத்தில் எந்த உரிமம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற மென்பொருள்கள் பற்றி விரைவாக. சாலிட்வொர்க்ஸில் ஸ்கெலிட்டன் என்ற பெயரில் தனி வகை இல்லை. ஸ்கெட்ச்சும் பிளேனும் மட்டும் உள்ள ஒரு பார்ட்டை அசெம்பிளியில் முதலாவதாக வைத்து, பொருள் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டால் அதே வேலை நடக்கும். அங்கே பார்ட் பெயருக்குப் பின்னால் ஒரு அம்புக்குறி வரும். வெளி ரெஃபரன்ஸ் இருக்கிறது என்று பொருள். அம்புக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வந்தால் அது பார்த்து நிற்கும் கோப்பு இப்போது திறந்த நிலையில் இல்லை, நட்சத்திரம் வந்தால் பூட்டப்பட்டது, பெருக்கல் குறி வந்தால் அறுக்கப்பட்டது. இந்த நான்கையும் மதிக்காமல் வேலை செய்கிறவர்கள்தான் சாலிட்வொர்க்ஸில் மேலிருந்து கீழே டிசைன் செய்யவே முடியாது என்று சொல்வார்கள். கேட்டியாவில் பப்ளிகேஷன் (பிறர் பிடித்துக்கொள்ளும்படி பெயரிட்டு வெளியே காட்டுவது)தான் உயிர். பிணைப்பு பெயரின் வழியாகப் போவதால் உள்ளே இருக்கும் கோட்டை மாற்றினாலும் பெயர் நிற்கும். இதே வேலைக்கு என்எக்ஸில் வேவ் லிங்க்கர், இன்வென்டரில் டெரைவ் (Derive). கையில் காசு இல்லாத மாணவர்களுக்கு இலவசமான ஃப்ரீகேட் இருக்கிறது. அதில் ஒரு தலைமை ஸ்கெட்ச்சும் சப்ஷேப் பைண்டரும் வைத்து இதே முறையைப் பழகலாம். முகத்துக்கும் விளிம்புக்கும் பெயர் மாறிப் பார்ட் உடைகிற தொல்லை அங்கே நெடுநாள் இருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது, அசெம்பிளி வசதியும் உள்ளேயே வந்துவிட்டது.

எப்போது ஸ்கெலிட்டன் வேண்டாம் என்பதையும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கடையில் வாங்கும் பொருளுக்கு வேண்டாம். மோட்டார், கியர்பாக்ஸ், பேரிங் எதுவும் உங்கள் ஸ்கெலிட்டனைப் பார்த்து நீளப்போவதில்லை. பல எந்திரங்களில் அப்படியே மறுபடி பயன்படும் பார்ட்டுக்கும் வேண்டாம். ஒரு எலிவேட்டரின் ஸ்கெலிட்டனோடு கட்டிவைத்த பேரிங் மூடியை இன்னொரு எந்திரத்தில் போட்டால், அதைத் திறக்கும்போதெல்லாம் பழைய வீட்டைத் தேடும். அதை வெளிப் பிணைப்பு இல்லாமல் தனியாகச் செய்து, ஸ்கெலிட்டனின் அச்சில் கொண்டுபோய் உட்காரவைத்தால் போதும். என் எலிவேட்டரில் மேலிருந்து கீழே வருபவை பெட்டி, மேடை, ஏணி, குழாய். கீழிருந்து மேலே போய்ச் சேருபவை மற்ற எல்லாம். இரண்டும் கலந்ததுதான் நடைமுறை. ஒரே முறையில் முழுவதையும் செய்தேன் என்று சொல்லும் எந்திரக்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை.

உங்கள் கன்வேயரை இப்போது என்ன செய்வது? பழைய அசெம்பிளிக்குள் ஸ்கெலிட்டனைத் திணித்து ஒவ்வொரு பார்ட்டாக அதற்கு மாற்றுவதை நான் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கைவிட்டேன். அதைவிடப் புதிதாகச் செய்வது குறைந்த நேரம் பிடித்தது. உங்கள் மேலாளர் நேரம் தருவாரா என்பது உங்கள் அலுவலகத்து விஷயம். தந்தால், அடுத்த ஆர்டரில் தொடங்குங்கள். முதல் நாள் பார்ட் எதையும் தொடாதீர்கள். காகிதத்தில் கன்வேயரின் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து, வாடிக்கையாளர் ஃபோனில் மாற்றச் சொல்லக்கூடிய அளவுகளை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள். நீளம், இரண்டு முனை உயரம், பெல்ட் அகலம், சாய்வு, மோட்டார் எந்தப் பக்கம் என்று ஆறேழு வரும். ஸ்கெலிட்டனின் அளவுகள் அவை.

அதை வரைந்ததும், முதல் பார்ட்டைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்துவிடுங்கள். நீளத்தைப் பாதியாக்கி ரீஜெனரேட் செய்யுங்கள், பிறகு இருமடங்காக்குங்கள். சாய்வைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். கோணத்தால் அளவிட்ட கோடுகள் பூஜ்யத்தில் மறுபக்கம் புரண்டு விழுவதுண்டு. அப்படி விழுந்தால் கோணத்துக்குப் பதில் இரு முனைகளின் உயரத்தைக் கொடுத்து அந்தக் கோட்டைக் கட்டுப்படுத்துங்கள். முதல் நான்கைந்து பார்ட்டுகள் வந்தபின் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் சிவப்பு வந்தால், எந்தப் பார்ட்டில் முதலில் வருகிறது, அது எந்த ரெஃபரன்ஸைக் காணோம் என்கிறது என்ற இரண்டையும் எழுதி இங்கேயே கேளுங்கள், பார்க்கலாம்.